கார்பன் நானோகுழாயின் அளவும் குணமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொருளறிவியல் ஆய்வகம் ஒன்றில் பல ஆண்டுகளாக நானோகுழாய்களோடு வேலை பார்க்கிறேன். முதுகலை மாணவர்களும், ப்ராஜெக்ட் செய்ய வரும் பொறியியல் பிள்ளைகளும் கேட்கும் கேள்விகளைத் தொகுத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். "கார்பன் நானோகுழாயின் மின்தடை எவ்வளவு சார்?", "வலிமை எவ்வளவு?" என்றுதான் பெரும்பாலும் தொடங்குவார்கள். "எந்தக் குழாய்? விட்டம் என்ன, சுவர் எத்தனை, நீளம் எவ்வளவு?" என்று நான் திருப்பிக் கேட்பேன். இந்த மூன்றும் தெரியாமல் எந்த எண்ணைச் சொன்னாலும் அது தவறாகத்தான் போகும்.

நானோகுழாயின் அளவு என்று எதையெல்லாம் சொல்கிறோம்?

கார்பன் அணுக்கள் தேன்கூடு போல அறுகோணங்களாக அடுக்கப்பட்ட ஒற்றை அணுத் தடிமனுள்ள தாள் கிராஃபீன். அதைச் சுருட்டி விளிம்போடு விளிம்பு சேர்த்தால் ஒற்றைச்சுவர் நானோகுழாய். ஒன்றுக்குள் ஒன்றாகப் பல குழாய்கள் செருகியிருந்தால் பல்சுவர்க் குழாய். அடுத்தடுத்த சுவர்களுக்கிடையே ஏறக்குறைய 0.34 நானோமீட்டர் (மீட்டரை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்) இடைவெளி இருக்கும். கிராஃபைட்டில் அடுக்குக்கு அடுக்கு இருப்பதும் ஏறக்குறைய அதே இடைவெளிதான்.

ஒற்றைச்சுவர்க் குழாய்களின் விட்டம் பெரும்பாலும் 0.7 முதல் 2 நானோமீட்டர் வரை. பல்சுவர்க் குழாய்கள் 5 முதல் 50 நானோமீட்டர், சில இன்னும் பருமன். நீளம் மட்டும் எந்தக் கட்டுக்கும் அடங்காது. சில நூறு நானோமீட்டரில் நின்றுவிடுபவையும் உண்டு. 2013இல் சீனாவின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் 55 சென்டிமீட்டர் நீளக் குழாயையே வளர்த்துக் காட்டினார்கள். ஏறத்தாழ ஒரு முழத்துக்கும் மேல் நீளம், ஆனால் விட்டம் சில நானோமீட்டர்தான். இந்த நீள விட்ட விகிதம் கீழே பல இடங்களில் வரும்.

(10,10), (6,5) என்று இரண்டு எண்கள் போடுகிறார்களே, அவை என்ன?

தேன்கூட்டுக் கட்டம் அச்சிட்ட ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதை நேராகப் பாய் சுருட்டுவது போலவும் சுருட்டலாம், கடலைப் பொட்டலம் மடிப்பது போலக் கொஞ்சம் சாய்த்தும் சுருட்டலாம். எந்தக் கட்டம் எந்தக் கட்டத்தின் மேல் வந்து பொருந்துகிறது என்பதைச் சொல்லும் முகவரிதான் அந்த இரண்டு எண்கள். கைரல் எண்கள் என்பார்கள்.

விட்டத்தை இவற்றிலிருந்தே கணக்கிடலாம். இரண்டு எண்களின் வர்க்கங்களையும், இரண்டின் பெருக்கற்பலனையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, 0.0783ஆல் பெருக்குங்கள். விட்டம் நானோமீட்டரில் வரும். (10,10)க்கு 100 + 100 + 100 = 300; வர்க்கமூலம் 17.32, விட்டம் 1.356 நானோமீட்டர். ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். அடுத்த கேள்விக்கு இது தேவைப்படும்.

ஒரே கார்பன் எப்படி ஒரு குழாயில் உலோகமாகவும் இன்னொன்றில் குறைகடத்தியாகவும் இருக்கிறது?

இந்தத் துறையிலேயே என்னை மிகவும் வியக்க வைத்த விஷயம் இதுதான். இன்றைக்கும் வகுப்பில் இதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது.

எலக்ட்ரானை ஓர் அலையாகப் பாருங்கள். தட்டையான கிராஃபீனில் அது எந்தத் திசையிலும் எந்த அலைநீளத்திலும் ஓடலாம். தாளைச் சுருட்டியதும் சுற்றளவின் திசையில் ஒரு கட்டுப்பாடு வந்துவிடுகிறது. அலை ஒரு சுற்றுச் சுற்றிவந்து தன் வாலைத் தானே சரியாகப் பிடிக்க வேண்டும். அதாவது, சுற்றளவுக்குள் முழு எண்ணிக்கையில் அலைகள் அடங்க வேண்டும். மின்சாரம் கடத்த எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் அளவை ஆற்றல் இடைவெளி என்கிறோம். கிராஃபீனில் குறிப்பிட்ட சில அலை நிலைகளில் மட்டுமே அது பூஜ்யமாகிறது. சுருட்டிய பிறகும் அந்த நிலைகள் அனுமதிக்கப்பட்டிருந்தால் குழாய் உலோகம். அனுமதி இல்லையென்றால் குறைகடத்தி.

விதி எளிது. முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழியுங்கள். விடை 3ஆல் மீதியின்றி வகுபட்டால் (பூஜ்யமும் சேர்த்தி) உலோகம், இல்லையேல் குறைகடத்தி. ஆகவே எந்தத் தேர்வும் இல்லாமல் கலவையாக வளர்த்தால் சுமார் மூன்றில் ஒரு பங்கு உலோகமாகவும் மீதி குறைகடத்தியாகவும் அமையும்.

இப்போது (10,10)ஐயும் (17,0)ஐயும் ஒப்பிடுங்கள். முன்னதன் விட்டம் 1.356 நானோமீட்டர், பின்னதன் விட்டம் 1.331. வித்தியாசம் 0.025 நானோமீட்டர். இரண்டு கார்பன் அணுக்களுக்கு இடையேயான பிணைப்பின் நீளமே 0.142 நானோமீட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு கூட விட்டம் வேறுபடவில்லை. ஆனால் ஒன்று கம்பி, மற்றது டிரான்சிஸ்டர். அணு அடுக்கை மாற்றவில்லை, வேறு தனிமத்தைக் கலக்கவில்லை. சுருட்டிய விதம் மட்டுமே மாறியிருக்கிறது.

ஜப்பானின் என்.இ.சி. ஆய்வகத்தில் சுமியோ இஜிமா பல்சுவர்க் குழாய்களை விவரித்தது 1991இல். உலோகம், குறைகடத்தி என்ற இந்தக் கணிப்பு 1992இலேயே காகிதத்தில் வந்துவிட்டது. டெல்ஃப்ட், ஹார்வர்ட் ஆய்வுக் குழுக்கள் தனித்தனிக் குழாய்களை, அணுக்களையே காட்டும் ஊடுபுழை நுண்ணோக்கியில் (எஸ்.டி.எம்.) அளந்து 1998இல் அதை உறுதி செய்தன.

துல்லியமாகச் சொன்னால், இரண்டு எண்களும் சமமான ஆர்ம்சேர் வகை மட்டுமே முழு உலோகம். வித்தியாசம் 3ஆல் வகுபடும் மற்றக் குழாய்களில் சுவரின் வளைவு காரணமாக மிகச் சிறிய இடைவெளி ஒன்று திறக்கும். விட்டம் சிறுக்கச் சிறுக்க, வளைவு கூடக் கூட, அதுவும் பெரிதாகும்.

விட்டம் கூடினால் ஆற்றல் இடைவெளி என்ன ஆகும்?

குறையும். குறைகடத்திக் குழாய்க்குத் தோராயக் கணக்கு: 0.8ஐ விட்டத்தால் வகுத்தால் இடைவெளி எலக்ட்ரான் வோல்ட்டில் கிடைக்கும். 1 நானோமீட்டருக்கு 0.8, 2 நானோமீட்டருக்கு 0.4. சிலிக்கானின் இடைவெளி 1.12 என்பதை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டிரான்சிஸ்டர் செய்பவர்களுக்கு இதில் ஓர் இழுபறி இருக்கிறது. விட்டம் மிகச் சிறியதானால் உலோக முனையிலிருந்து குழாய்க்குள் எலக்ட்ரான் நுழையத் தடை கூடும். விட்டம் பெரிதானால் இடைவெளி குறுகி, அணைத்த நிலையிலும் மின்னோட்டம் கசியும். அதனால் 1.5 நானோமீட்டரை ஒட்டிய விட்டங்களையே பெரும்பாலும் நாடுகிறார்கள். இவற்றோடு உலோகக் குழாய்கள் கலந்துவிட்டால் சர்க்யூட்டே கெட்டுவிடும் என்பது தனிச் சிக்கல். அதையும் சமாளித்து, 2019இல் எம்.ஐ.டி. குழு 14,000க்கும் மேற்பட்ட நானோகுழாய் டிரான்சிஸ்டர்கள் கொண்ட ஒரு பிராசசரை இயக்கிக் காட்டியது.

பல்சுவர்க் குழாய்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்துமா?

பொருந்தும், ஆனால் அதனால் பெரிய பயன் இல்லை. 20 நானோமீட்டர் விட்டமுள்ள வெளிச்சுவர் குறைகடத்தியாகவே இருந்தாலும் அதன் இடைவெளி 0.04 எலக்ட்ரான் வோல்ட்தான். அறை வெப்பநிலையில் வெப்ப ஆற்றலே சுமார் 0.025. நடைமுறையில் அதை உலோகமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

விட்டம் நிறத்தையும் மாற்றுமா?

மாற்றும், கண்ணாலேயே பார்க்கலாம். வாங்கிவந்த பொடியை எடுத்தால் எல்லாமே கறுப்பு. அதில் (6,5) குழாய்களை மட்டும் பிரித்துத் தண்ணீரில் கலந்து மிதக்கவிட்டால் கரைசல் நாவற்பழச் சாறு போல ஊதாவாக இருக்கும். முதல் முறை அந்தச் சின்னக் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தபோது, இவ்வளவு நாள் கரியென்று நினைத்தது இதுதானா என்று அப்படியே நின்றுவிட்டேன். பச்சை ஒளிக்கும் ஆரஞ்சு ஒளிக்கும் இடைப்பட்ட பகுதியை, சுமார் 570 நானோமீட்டர் அலைநீளத்தில், அந்தக் குழாய்கள் விழுங்கிவிடுவதால் வரும் நிறம் அது.

அதே குழாய் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் ஒளிரவும் செய்யும். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகக் குழு 2002இல் இந்த ஒளிர்வை அறிவித்தது. அழகான ஓர் உதாரணம் சொல்கிறேன். (6,5), (9,1) இரண்டுக்கும் முன்சொன்ன கணக்கைப் போட்டால் கூட்டுத்தொகை இரண்டிலும் 91. ஆகவே விட்டம் அச்சு அசலாக ஒன்றே, 0.747 நானோமீட்டர். ஆனால் (6,5) சுமார் 975 நானோமீட்டரிலும், (9,1) சுமார் 910 நானோமீட்டரிலும் ஒளிரும். விட்டம் தெரிந்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஜோடியைத்தான் காட்டுவேன். சுருட்டிய சாய்வும் தெரிய வேண்டும்.

"எஃகைவிட நூறு மடங்கு வலிமை" என்பது உண்மையா?

எந்த எஃகு, எந்தக் குழாய் என்று கேட்காமல் இதற்குப் பதில் கிடையாது.

முதலில் விறைப்பு. சுவரை மட்டும் கணக்கில் எடுத்தால் யங் குணகம் (இழுத்தால் நீளாமல் எவ்வளவு விறைத்து நிற்கிறது என்பதன் அளவு) சுமார் 1,000 கிகாபாஸ்கல், எஃகுக்கு 200. இதில் "சுவரை மட்டும்" என்பதைக் கவனியுங்கள். நடுவில் இருக்கும் வெற்றிடத்தையும் குறுக்குப் பரப்பில் சேர்த்தால் எண் இறங்கும். (10,10) குழாய்க்குச் சுவர்த் தடிமன் 0.34 என்று வைத்து நான் போட்ட கணக்கில் சுமார் 640 வருகிறது. விட்டம் கூடக்கூட வெற்றிடத்தின் பங்கு கூடி, இது இன்னும் குறையும். கலவைப் பொருள் செய்பவருக்கு வெற்றிடமும் இடத்தை அடைக்கத்தானே செய்கிறது! அதனால் அவர் பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது எண்ணைத்தான்.

அடுத்து இழுவை வலிமை. 2000இல் பல்சுவர்க் குழாய்களை ஒவ்வொன்றாக எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள்ளேயே இழுத்து அறுத்துப் பார்த்தார்கள். கிடைத்தது 11 முதல் 63 கிகாபாஸ்கல் வரை. சாதாரணக் கட்டுமான எஃகு 0.4, உயர்வலிமை எஃகுக் கம்பி 2 அல்லது அதற்கும் மேல். ஆக, ஒப்பீடு 5 மடங்காகவும் வரலாம், 150 மடங்காகவும் வரலாம். அந்தச் சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. அறுந்தது வெளிச்சுவர் மட்டும். உள்சுவர்கள் உறையிலிருந்து வாள் உருவுவது போல வழுக்கி வெளியே வந்துவிட்டன. சுவர்களுக்கு இடையே பிடிமானம் அவ்வளவு குறைவு. மேலே சொன்ன எண்கள் கூட அந்த வெளிச்சுவரின் பரப்பை மட்டும் வைத்துப் போட்டவை. இருபது சுவர் இருந்தாலும் பாரம் தாங்குவது ஏறக்குறைய ஒன்றே ஒன்றுதான்.

நூலாகத் திரித்தால் வலிமை ஏன் இவ்வளவு குறைகிறது என்ற கேள்விக்கும் இதே பதில்தான். பஞ்சு இழைகளைப் போலக் குழாய்களும் ஒன்றின்மேல் ஒன்று உரசித்தான் பாரத்தைக் கைமாற்றுகின்றன. ஒவ்வொரு குழாயும் நீளமாக இருந்தால் உரசும் பரப்பு கூடும், நழுவுவது குறையும். குட்டை இழைப் பருத்தியில் நயமான நூல் வராது என்று நூற்பாலைக்காரர்கள் சொல்வது இங்கேயும் செல்லும்.

பருமனான குழாய் வளையாதா?

இழுக்கும்போது இருக்கும் விறைப்பு வேறு, வளைக்கும்போது இருக்கும் விறைப்பு வேறு. ஒற்றைச்சுவர்க் குழாயின் வளைவு விறைப்பு விட்டத்தின் கனத்துக்கு ஏற்பக் கூடும். விட்டம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. அதே சமயம், சுமார் 5 நானோமீட்டரைத் தாண்டிய ஒற்றைச்சுவர்க் குழாயால் வட்டமாக நிற்க முடியாமல் போகும். எதிரெதிர்ச் சுவர்கள் ஒன்றையொன்று ஈர்த்து, காற்று இறங்கிய சைக்கிள் டியூப் போலத் தட்டையாகிவிடும். பல்சுவர்க் குழாயில் உள்ளே இருக்கும் சுவர்கள் முட்டுக் கொடுப்பதால் இந்தச் சிக்கல் எளிதில் வராது.

நீளம் மின்தடையை எப்படி மாற்றுகிறது?

செப்புக் கம்பியில் நீளத்தைப் பூஜ்யத்தை நோக்கிக் குறைத்தால் தடையும் பூஜ்யத்தை நோக்கிப் போகும். ஒற்றைச்சுவர் உலோகக் குழாயில் அப்படிப் போகாது. முனை இணைப்புகள் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் 6.45 கிலோ ஓம் என்ற குவாண்டம் தடை அடியில் நின்றுவிடும். மின்னோட்டத்துக்கு அங்கே இருப்பவை குறிப்பிட்ட சில பாதைகள் மட்டுமே.

அதற்கு மேல் நீளம் சேர்க்கும் தடை, எலக்ட்ரான் எங்கும் மோதாமல் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. அறை வெப்பநிலையில், குறைந்த வோல்ட்டேஜில், நல்ல குழாயில் அந்தத் தூரம் சுமார் 1 மைக்ரான், அதாவது 1,000 நானோமீட்டர். ஆகவே 1 மைக்ரான் நீளக் குழாய்க்குச் சுமார் 13 கிலோ ஓம், 10 மைக்ரானுக்குச் சுமார் 71 கிலோ ஓம். வோல்ட்டேஜைக் கூட்டினால் எலக்ட்ரான்கள் அணு அதிர்வுகளைக் கிளப்பி ஆற்றலை இழக்கத் தொடங்கும். அப்போது நீளமான ஒற்றைக் குழாயின் மின்னோட்டம் 25 மைக்ரோ ஆம்பியரை ஒட்டித் தேங்கிவிடும்.

வெப்பக் கடத்தலுக்கும் இதே கதையா?

ஏறக்குறைய. தனிக் குழாயில் அறை வெப்பநிலையில் மீட்டர் கெல்வினுக்கு 3,000 வாட்டைச் சுற்றிய அளவுகள் கிடைத்திருக்கின்றன. செம்புக்கு 400தான். வெப்பத்தைச் சுமக்கும் ஃபோனான்கள் என்னும் அணு அதிர்வலைகள் அரை மைக்ரான் அளவுக்கு மோதாமல் ஓடுவதால், அதைவிடக் குட்டையான குழாயில் இந்த எண்ணை எதிர்பார்க்காதீர்கள். குழாய்களைத் தாறுமாறாகப் பாய் போல அழுத்திவிட்டால் சில பத்து வாட்டுக்கு இறங்கிவிடும். ஒரு குழாயிலிருந்து அடுத்ததற்குத் தாவும் ஒவ்வொரு இடத்திலும் வெப்பம் தடுக்கப்படுகிறது. குழாய்கள் குட்டையாக இருந்தால் தாவல்களும் அதிகம்.

எபாக்ஸியில் எவ்வளவு சதவீதம் கலந்தால் மின்சாரம் கடத்தும்?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. எபாக்ஸி என்பது இறுகிக் கெட்டியாகும் பிசின், தானாக மின்சாரம் கடத்தாது. குழாய்கள் ஒன்றையொன்று தொட்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சங்கிலி உண்டானால்தான் கடத்தும். நேரான குச்சிகள் தாறுமாறாகக் கிடப்பதாக வைத்துக்கொண்டால், தேவையான கன அளவுப் பங்கு தோராயமாக 0.7ஐ நீள விட்ட விகிதத்தால் வகுத்தது. விகிதம் 1,000 என்றால் 0.07 சதவீதம் போதும். 100 என்றால் 0.7 சதவீதம். நிஜக் குழாய்கள் வளைந்தும் முடிச்சிட்டும் கிடப்பதால் எண் மாறும். ஆனால் போக்கு இதுதான்.

ஒருமுறை ஒரே டப்பாவிலிருந்து எடுத்த 10 நானோமீட்டர் பல்சுவர்க் குழாய்களை, ஒரே சதவீதத்தில், இரண்டு கிண்ணங்களில் கலந்தேன். ஒன்றைச் சிறிது நேரம் மட்டும் ப்ரோப் சோனிகேட்டரில் (மீயொலியால் கலக்கும் கருவி) வைத்தேன். கட்டிகள் கண்ணுக்குத் தெரிந்தன. மற்றதில் கட்டியே இருக்கக் கூடாது என்று மணிக்கணக்கில் ஓடவிட்டேன். அது மை போல வழவழவென்று வந்தது. இரண்டையும் பட்டைகளாக வார்த்து, முனைகளில் வெள்ளிப் பசை தடவி, மல்டிமீட்டரை வைத்தேன். கட்டி தட்டிய பட்டை கிலோ ஓம்களில் அளவு காட்டியது. வழவழப்பான பட்டையில் மீட்டர் அசையவே இல்லை. சோனிகேட்டரில் குமிழிகள் வெடிக்கும்போது வரும் இழுவிசை குழாய்களை நறுக்கித் தள்ளியிருந்தது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் குறைவு. நன்றாகக் கலப்பதற்காக நானே நீளத்தை அழித்திருந்தேன்.

அன்றிலிருந்து மாணவர்களிடம் சொல்வது இதுதான்: டப்பாவின் மேல் எழுதியிருக்கும் நீளத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். நீங்கள் கலந்து முடித்த பிறகு மிஞ்சியிருக்கும் நீளத்தை அளந்து கணக்குப் போடுங்கள்.

பரப்பளவுக்கு எது முக்கியம்?

சுவர் எண்ணிக்கை. தனியாகப் பிரிந்து நிற்கும் ஒற்றைச்சுவர்க் குழாயின் வெளிப்பரப்பு, கணக்குப்படி கிராமுக்கு 1,315 சதுர மீட்டர். வெளிவிட்டம் 10 நானோமீட்டரில் பத்துச் சுவர் இருந்தால் சுமார் 190 ஆகிவிடும். உள்ளே இருக்கும் ஒன்பது சுவர்களும் எடையைக் கூட்டுகின்றன, வெளியே முகம் காட்டுவதில்லை.

குழாய்க்குள் தண்ணீர் போகுமா?

போகும், அங்கே அது நமக்குத் தெரிந்த தண்ணீர் போல நடந்துகொள்ளாது. 0.8 நானோமீட்டர் குழாயில் மூலக்கூறுகள் ரேஷன் கடை வரிசை போல ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக முடியும் என்று 2001இல் கணினிக் கணக்கீடுகள் காட்டின. எம்.ஐ.டி. குழு ஒன்று 2016இல் வெளியிட்ட அளவீடுகளில், 1.05 நானோமீட்டர் குழாய்க்குள் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸுக்கும் மேலே உறைநிலை மாற்றத்தைக் காட்டியது. சற்றே பருமனான 1.5 நானோமீட்டர் குழாய்களில் அந்த மாற்றம் அறை வெப்பநிலையை ஒட்டி இறங்கிவிட்டது. அரை நானோமீட்டர் வித்தியாசத்தில் இவ்வளவு!

வேண்டிய விட்டத்தில் வளர்க்கவும் அதை அளக்கவும் முடியுமா?

வளர்ப்பில் கடிவாளம் வினையூக்கியின் கையில். இரும்பு, கோபால்ட், நிக்கல் துகள்களின் மேல்தான் குழாய் முளைக்கிறது. துகள் சிறியதானால் குழாயும் மெலிது. சூட்டில் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துவிடுவதுதான் தலைவலி. நீளம், வினையூக்கி எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 2004இல் ஜப்பானியக் குழு ஒன்று மிகச் சிறிதளவு நீராவியைச் சேர்த்து, துகள்களின் மேல் படியும் கரியை நீக்கி, 10 நிமிடத்தில் 2.5 மில்லிமீட்டர் உயரத்துக்குக் குழாய்க் காட்டை வளர்த்தது.

அளப்பதற்கு, திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928இல் கண்டறிந்த, பொருளில் பட்டுச் சிதறும் ஒளியின் அலைநீளம் மாறும் விளைவே கைகொடுக்கிறது. ஒற்றைச்சுவர்க் குழாய் மூச்சு விடுவது போல விரிந்து சுருங்கும் அதிர்வு ஒன்று ராமன் நிறமாலையில் தெரியும். 248ஐ அந்த அலையெண்ணால் வகுத்தால் விட்டம். சென்டிமீட்டருக்கு 200இல் கோடு விழுந்தால் 1.24 நானோமீட்டர். பருத்த பல்சுவர்க் குழாய்களில் இந்தக் கோடு தெரியாது. அங்கே எலக்ட்ரான் நுண்ணோக்கிதான் வழி.

கீழடிப் பானைகளில் நானோகுழாய் இருந்ததாமே?

ஆம். வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு 2020இல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வெளியிட்டது. பொ.ஆ.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பானையோடுகளின் உட்புறக் கறுப்புப் பூச்சில் ஒற்றைச்சுவர், பல்சுவர்க் குழாய்களைக் கண்டார்கள். ஒற்றைச்சுவர்க் குழாய்களின் சராசரி விட்டம் சுமார் 0.6 நானோமீட்டர் என்று குறித்திருக்கிறார்கள். இன்று ஆய்வகத்தில் வளர்ப்பவற்றோடு ஒப்பிட்டாலும் இது மிக மெலிந்த அளவு. குயவர்கள் அறிந்து செய்தார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. அந்தப் பூச்சு இத்தனை நூற்றாண்டு மண்ணுக்குள் உரியாமல் நின்றதே, அது போதும் நான் பெருமைப்பட. இதற்கு முன்பு 2006இல், டமாஸ்கஸ் வாள் ஒன்றில் நானோகுழாய்கள் இருப்பதாக நேச்சர் இதழில் ஆய்வுக் குறிப்பு வந்தது. அத்தகைய வாள்களுக்கான உருக்கு தென்னிந்தியாவிலிருந்தும் போனது.

உடம்புக்குக் கெடுதலா?

இதுவும் அளவைப் பொறுத்தே. நுரையீரலுக்குள் போகும் துகள்களை மேக்ரோஃபேஜ் என்னும் செல்கள் விழுங்கி அகற்றுகின்றன. குழாய் விறைப்பாகவும், அந்தச் செல்லைவிட நீளமாக 15, 20 மைக்ரானுக்கு மேலும் இருந்தால் அதால் முழுதாக விழுங்க முடியாது. கல்நார் இழை செய்யும் கெடுதலும் இதே வழியில்தான். எடின்பரோவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2008இல் எலிகளில் சோதித்தபோது, நீண்ட பல்சுவர்க் குழாய்கள் கல்நார் போன்ற அழற்சியை உண்டாக்கின. குட்டையானவையும் சுருண்டு பந்தாகக் கிடந்தவையும் அப்படிச் செய்யவில்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2014இல் எம்.டபிள்யூ.சி.என்.டி-7 என்ற ஒரு குறிப்பிட்ட பல்சுவர் வகையை "புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற 2பி பிரிவில் வைத்தது. மற்ற வகைகளுக்குப் போதிய சான்று இல்லை என்று வகைப்படுத்தாமல் விட்டது. அதற்குப் பாதுகாப்பானவை என்று அர்த்தம் கிடையாது.

டப்பாவைத் திறக்கும்போது பாருங்கள், பொடி இலவம்பஞ்சுத் தூசி போல மூடியில் ஒட்டிக்கொண்டு எழும்பும். ஃபேனை நிறுத்துங்கள், ஃப்யூம் ஹூட்டுக்குள் (காற்றை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகக் கூண்டு) வைத்துத் திறங்கள், எடை போட்ட கையோடு திரவத்தில் நனைத்துவிடுங்கள். துணி மாஸ்க் போதாது, நுண்துகளுக்கான வடிகட்டி மாஸ்க் வேண்டும். சிந்தியதைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியை மூடிய பையில் போடுங்கள்.